இட்டேரி: நடந்தாத்தான் தடம்

சென்னை, கோயமுத்தூர்னு டவுன்ல இருக்கிற சொந்தக்காரங்களும் சிநேகிதங்களும் ஒரே கேள்வியை மாத்தி மாத்திக் கேட்கிறாங்க. "உங்க பக்கம் அழகான கிராமமா ரெண்டு மூணு சொல்லுங்க, கார்ல வந்து பார்த்துட்டுப் போறோம்." காங்கேயம், சென்னிமலைப் பக்கம் வர்றவங்களுக்கு நான் சொல்ற பதில் ஒண்ணுதான். காரை ஊர் முன்னாடி மரத்தடியில நிறுத்திட்டு இறங்கி நடங்க. தார் ரோட்டுல வேண்டாம், இட்டேரியில நடங்க. எங்க ஊர்களோட அழகும் சரி, சரித்திரமும் சரி, அங்கேதான் இருக்கு.

இட்டேரின்னா ரெண்டு பக்கமும் உயிர்வேலி, நடுவுல மண் தடம். சில ஊர்ல இட்டாலின்னும் சொல்லுவாங்க. ஒரு மாட்டு வண்டி போற அகலம் இருக்கும். சில இடத்துல எதுக்கால ஆள் வந்தா ஒதுங்கி வழிவிடணும். ரெண்டு பக்கத்துக் காட்டை விட ஒரு முழமாவது பள்ளமா இருக்கும். காலங்காலமா வண்டிச் சக்கரமும் மாட்டுக் குளம்பும் மழைத் தண்ணியும் அறுத்த பள்ளம் அது. மழை பெஞ்சா இட்டேரியே ஓடையா மாறி, காட்டுத் தண்ணியைக் குளம் குட்டைக்குக் கொண்டு போய்ச் சேர்க்கும். அப்படிப் பார்த்தா ஒரே இடத்துல பாதை, வேலி, வாய்க்கால்னு மூணு வேலை.

தஞ்சாவூர்ப் பக்கம் போயிருக்கீங்களா? அங்கே வீடெல்லாம் தெருவுல வரிசையா இருக்கும். வயல் திறந்த வெளி, நடக்கிறதுக்கு வரப்பு. எங்க கொங்கு நாட்டுல கதை வேற. ஊருக்குள்ள ஒரு கூட்டம் வீடு இருக்கும். அது போக ஆளாளுக்குத் தோட்டத்துலயே சாளை போட்டுக் குடியிருப்போம். இந்தச் சாளைக்கும் அடுத்த சாளைக்கும் நடுவுல காடு. அந்தக் காட்டைச் சுத்தி வேலி. வேலி ஏன் வந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் இட்டேரி ஏன் வந்துச்சுன்னு புரியும்.

எங்க பக்கம் வருசத்துக்குச் சுமாரா 600 மில்லிமீட்டர் மழைதான். அதுவும் பாதிக்கு மேல ஐப்பசி, கார்த்திகையில கொட்டிட்டுப் போயிரும். இந்த மழையை மட்டும் நம்பி எல்லாக் காட்டுலயும் வெள்ளாமை வைக்க முடியாது. அதனால முன்னோர்கள் பாதி நிலத்தைப் புல்லுக்கு விட்டாங்க. அதுக்குப் பேரு கொறங்காடு. கீழே கொழுக்கட்டைப் புல், நடுநடுவுல வெள்வேல மரம், சுத்தியும் கிளுவை வேலி. வெள்வேல மரத்து நெத்து மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோடைத் தீனி, மரம் நிழல். உள்ளே மாட்டை விட்டுப் படலைச் சாத்திட்டா மேய்க்க ஆளே தேவையில்லை. ஒரு காட்டுல புல் தீர்ந்தா அடுத்த காட்டுக்கு மாத்தி விடுவாங்க. காங்கேயம் மாடு இந்தியா முழுக்கப் பேர் வாங்கினதுக்குப் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் இனம் பார்த்து வளர்த்தது ஒரு காரணம். இந்தக் கொறங்காட்டுப் புல்லும் வேலியும் இன்னொரு காரணம்.

கிளுவையைப் பத்தி ஒரு வார்த்தை. இதுக்கு விதை வேண்டாம், நாத்து வேண்டாம். மழைக்கு முன்னாடி போத்து வெட்டி வரிசையா நட்டா வேர் பிடிச்சுக்கும். கோடையில இலையெல்லாம் கொட்டிக் குச்சியா நிக்கும், செத்துப் போச்சுன்னு நினைப்பீங்க. ஒரு மழை போதும், பச்சை கட்டிரும். முள் இருக்கிறதால மாடு முட்டாது. நாலஞ்சு வருசத்துக்கு ஒருக்கா வெட்டி விட்டு, சந்து இருக்கிற இடத்துல முள் அடைச்சு வந்தா தலைமுறைக்கும் நிக்கும். நாட்டு மருந்துக் கடையில வெள்ளைப்போளம்னு ஒரு பிசின் விக்கிறாங்களே, அதைத் தர்ற மரமும் நம்ம கிளுவையும் ஒரே இனம்.

ஆளாளுக்கு வேலி போட்டா ஊர் எப்படிப் போய் வரும்? பண்டம்பாடி எப்படித் தண்ணிக்குப் போகும்? சந்தைக்கு வண்டி எப்படிப் போகும்? அதுக்குன்னு ரெண்டு பக்கத்துக்காரனும் தன் வேலியைத் தள்ளிப் போட்டு விட்ட இடந்தான் இட்டேரி. ராசா போட்ட ரோடு இல்லை, சர்க்கார் போட்ட ரோடும் இல்லை. பக்கத்துக் காட்டுக்காரனுக்கும் நமக்கும் ஒத்துமை இருந்ததுக்குச் சாட்சி அது.

ராசாக்கள் போட்ட ரோடும் எங்க நாட்டுல உண்டு. கோயமுத்தூர் பக்கத்துல சுண்டக்காமுத்தூர்ல ஒரு பாறையில 'ராசகேசரிப் பெருவழி'ன்னு சோழர் காலத்துக் கல்வெட்டு இருக்கு. பாலக்காட்டுக் கணவாய் வழியா மேற்குக் கரைக்குப் போற வழி அது. அதுக்கும் பல நூறு வருசம் முன்னாடியே நொய்யல் கரையில ஆள் நடமாட்டம் பெருசா இருந்திருக்கு. சென்னிமலைக்கு மேற்கே நொய்யல் வடகரையில கொடுமணல் இருக்கு. பதிற்றுப்பத்துல கொடுமணம்னு வர்ற ஊர் இதுதான்னு அறிஞர்கள் சொல்றாங்க. 1985ல இருந்து பல தடவை தோண்டிப் பார்த்ததுல இரும்பு உருக்கின உலை, கல்மணி செஞ்ச பட்டறை, தமிழ் பிராமியில பேர் கீறின பானை ஓடு எல்லாம் கிடைச்சது. பச்சைக்கல், நீலக்கல், பளிங்கு, சூதுபவளம்னு அங்கே மணி அறுத்திருக்காங்க.

அந்தப் பச்சைக்கல் எங்கே இருந்து வந்துச்சு? காங்கேயம் – திருப்பூர் ரோட்டுல இருக்கிற படியூர்ல இருந்து. 1819–20ல ஹீத்னு ஒரு வெள்ளைக்காரர் அதே படியூர்ல கல் தோண்டி எடுத்திருக்கார். படியூருக்கும் கொடுமணலுக்கும் இன்னைக்கு பஸ் மாறி மாறிப் போகணும். நடந்தா ஒரு நாள் நடை. கல்லைச் சுமந்தவங்க அப்படித்தான் போயிருப்பாங்க, தலைச்சுமையாவோ பொதி மாட்டுலயோ. பக்கத்துக் கத்தாங்கண்ணியில ரோமாபுரி வெள்ளிக் காசு புதையலாக் கிடைச்சது. காசு கப்பல்ல வந்து கரை இறங்கினது சரி. கரையில இருந்து கத்தாங்கண்ணி வரைக்கும் அதைக் கொண்டு வந்தது மனுசன் காலும் மாட்டுக் காலுந்தான்.

பெருவழி ஊரையும் ஊரையும் சேர்த்துச்சு. இட்டேரி சாளையையும் சாளையையும் சேர்த்துச்சு. பெருவழிக்குக் கல்வெட்டு இருக்கு, இட்டேரிக்குக் கல்வெட்டு இல்லை. அதோட எழுத்து ஊர்ப் பேர்லயும் நட்ட கல்லுலயும் இருக்கு. நடக்கிறப்போ ஊர்ப் பேரைக் கவனிச்சுப் பாருங்க. 'பாளையம்'னு முடிஞ்சா படை தங்கின இடம், இல்லைன்னா பாளையக்காரர் காலத்துல எழுந்த ஊர். 'வலசு'ன்னு முடிஞ்சா வேற இடத்துல இருந்து வலசை வந்தவங்க குடியேறின இடம். 'புதூர்'னா பழைய ஊர் பக்கத்துல எங்கேயோ இருக்கு. கார்ல போனா இந்தப் பேரெல்லாம் பச்சைப் பலகையில எழுத்து, அவ்வளவுதான். நடந்தா ஒரு வலசுக்கும் அடுத்த வலசுக்கும் எவ்வளவு தூரம்னு காலுக்குத் தெரியும்.

கல்லையும் பாருங்க. ரெண்டு கல்லை நட்டு, மேல ஒரு கல்லைப் படுக்கப் போட்டிருந்தா அது சுமைதாங்கி. தலைச்சுமைக்காரங்க அடுத்தவர் உதவி இல்லாம சுமையை இறக்கி வைக்கவும், திரும்பத் தலைக்கு ஏத்தவும் தோதான உயரம். வயித்துல பிள்ளையோட செத்துப் போன பொம்பளைங்க ஞாபகமா அதை வைக்கிற வழக்கம் தமிழ்நாடு முழுக்க இருந்துச்சு. இறக்கி வைக்க முடியாத சுமையோட போனவளுக்கு, ஊரார் சுமையை இறக்கி வைக்க ஒரு கல். இதை விடப் பெருசா ஒரு நினைவுச் சின்னம் யாரால கட்ட முடியும்? புலியோட ஒரு ஆள் சண்டை போடுற மாதிரி செதுக்கின கல் இருந்தா அது புலிக்குத்திக் கல். மாட்டுப் பட்டிக்குள்ள புலி வந்த காலம் எங்க நாட்டுக்கும் இருந்துச்சுன்னு அந்தக் கல் சொல்லுது. மாடு உடம்பைத் தேய்ச்சுக்க நட்ட கல் ஆவுரிஞ்சிக் கல். தண்ணி கிடைக்கிற இடத்துலதான் அது இருக்கும்.

சென்னிமலையில இருந்து பார்த்தா சிவன்மலை தெரியும். இந்த ரெண்டு மலைக்கும் நடுவுலதான் தீர்த்தகிரி தன் பேரைச் 'சின்னமலை'ன்னு மாத்திக்கிட்ட கதை நடக்குது. மைசூருக்குப் போன வரிப்பணத்தைத் தடுத்துப் பிடுங்கி, "சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவுல இருக்கிற சின்னமலை எடுத்துக்கிட்டான்னு போய்ச் சொல்லு"ன்னு அனுப்பினாராம். ஊர்ல இன்னைக்கும் அப்படித்தான் சொல்றாங்க. அவரை வெள்ளைக்காரன் 1805ல சங்ககிரியில தூக்குல போட்டான். வரி போற தடம் தெரிஞ்சவனாலதான் வரியை மறிக்க முடியும். எங்க நாட்டுச் சண்டையே தடத்துல நடந்த சண்டைதான்.

1799ல திப்பு விழுந்ததும் கோயமுத்தூர்ச் சீமை கும்பினி கைக்குப் போச்சு. அப்புறம் ரயத்துவாரி வந்துச்சு. ஒவ்வொரு காட்டுக்கும் நம்பர் போட்டு, அளந்து, கல் நட்டு, வரி எழுதினாங்க. அப்போதான் இட்டேரி முதல் தடவையாக் காகிதத்துல ஏறுச்சு. சில இட்டேரி வண்டிப்பாதைப் புறம்போக்குன்னு தனி நம்பரோட கிராம வரைபடத்துல இருக்கு. சிலது புலப்படத்துல புள்ளிக் கோடா இருக்கு. சிலது எதுலயும் இல்லை, பத்திரத்துல மட்டும் இருக்கு. எங்க பக்கத்துக் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்க, கடைசியில 'ஆள், வண்டி, கால்நடை போக வர உள்ள மாமூல் தடப் பாத்தியம் சகிதம்'னு ஒரு வரி இருக்கும். நிலத்தை மட்டும் வாங்குறது இல்லை, நடக்கிற உரிமையையும் சேர்த்துத்தான் வாங்குறோம்.

இட்டேரி ஓரத்துச் செடிக்கும் சரித்திரம் உண்டு. சப்பாத்திக்கள்ளி நம்ம ஊர்ச் செடி இல்லை, அமெரிக்காக் கண்டத்துல இருந்து வந்தது. துணிக்குச் சிவப்புச் சாயம் தர்ற பூச்சியை அதுல வளர்த்துக் காசு பார்க்கலாம்னு கும்பினிக்காரன் கணக்குப் போட்டான். 1795ல பிரேசில்ல இருந்து பூச்சி வந்துச்சு. அது வேற சாதிப் பூச்சி, நினைச்ச சாயம் கிடைக்கலை. கள்ளி மட்டும் வேலியோரம், தரிசு, மேய்ச்சல்னு பரவி நின்னுச்சு. கடைசியில 1926ல இலங்கையில இருந்து இன்னொரு பூச்சியைக் கொண்டு வந்து விட்ட பின்னாலதான் தமிழ்நாட்டுல அது அடங்குச்சு. இப்போ அந்த இடத்தைச் சீமைக்கருவேலம் பிடிச்சிருக்கு. அதுவும் 1870கள்ல வெள்ளைக்காரன் விறகுக்குன்னு இந்தியாவுக்குக் கொண்டு வந்ததுதான்.

வேலியைக் கூர்ந்து பார்த்தா நம்ம செடிகளும் இன்னும் இருக்கு. பிரண்டை, கோவைக்கொடி, தூதுவளை, முசுமுசுக்கை, குன்றிமணி, சங்குப்பூ, சூரைமுள். மார்கழி கடைசி நாள் காப்புக் கட்ட ஆவாரம்பூவும் பூளைப்பூவும் இங்கே இருந்துதான் பறிப்போம். சளி பிடிச்சா தூதுவளைக்கு இங்கேதான் வருவோம். கவுதாரி, கீரி, உடும்பு, செம்போத்து எல்லாம் குடியிருக்கிறதும் இந்த வேலியிலதான். ரெண்டு பக்கமும் பூச்சிமருந்து அடிக்கிற காட்டுக்கு நடுவுல, உழவு படாத நிலம்னு மிச்சம் இருக்கிறது இட்டேரி ஓரம் மட்டுந்தான்.

இவ்வளவு அழகைச் சொல்லிட்டு ஒரு விசயத்தைச் சொல்லாம விட்டா அது சரித்திரம் ஆகாது. எங்க ஊர்கள்ல எல்லாரும் எல்லாத் தடத்துலயும் நடக்க முடிஞ்சதில்லை. கவலை இறைக்கிற தோல் பறியும் காலுக்குச் செருப்பும் தைச்சுக் கொடுத்த மக்களே, அதே செருப்பைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டுத்தான் ஊர்த் தெருவைத் தாண்டணும்னு வெச்சிருந்தாங்க. அவங்களுக்கு அது அழகான கிராமமா இருந்திருக்காது. 1924ல கேரளத்து வைக்கத்துல கோயிலைச் சுத்தின தெருவுல எல்லாச் சாதியும் நடக்கணும்னு போராட்டம் நடந்தப்போ, எங்க ஈரோட்டுல இருந்து பெரியார் போய் ரெண்டு தடவை செயிலுக்குப் போனார். அவங்க கேட்டது சொத்து இல்லை, பதவி இல்லை. தெருவுல நடந்து போற உரிமை. நடக்கிறதுன்னா ஏதோ காத்து வாங்குற வேலைன்னு நினைக்கிறவங்க இதை ஞாபகத்துல வெச்சுக்கணும்.

இப்போ அந்த உரிமை வேற வழியில போயிட்டு இருக்கு. பைக்கும் டிராக்டரும் வந்த பிற்பாடு எல்லாரும் தார் ரோட்டுக்குப் போயிட்டோம். இட்டேரியில கால் படாததால முள் அடைச்சுக்கிச்சு. முள் அடைச்சதும் இந்தப் பக்கத்துக்காரன் ஒரு முழம், அந்தப் பக்கத்துக்காரன் ஒரு முழம்னு வேலி உள்ளே நகருது. காடு மனையானா கிளுவையைப் பிடுங்கிட்டுக் கம்பிவேலி, இல்லைன்னா காம்பவுண்டுச் சுவர். மிச்சம் இருந்தா டவுன் குப்பை வந்து விழுது. மழைத் தண்ணி போக வழியில்லாம ரோட்டுல நிக்குது, குளம் வறண்டு கிடக்குது.

சட்டம் இதுல என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சுக்குங்க. 1882ல வந்த வசதியுரிமைச் சட்டம் இன்னைக்கும் நடப்புல இருக்கு. அடுத்தவர் நிலத்து வழியா 20 வருசம் தடையில்லாம, உரிமையோட நடந்து வந்தா அந்தத் தடப் பாத்தியம் நிலைச்சிரும். அதே சட்டத்துல இன்னொரு பக்கமும் உண்டு. அப்படிப்பட்ட தடத்துல தொடர்ந்து 20 வருசம் யாரும் நடக்காம விட்டா பாத்தியம் அத்துப் போயிரும். புறம்போக்குப் பாதைக்கு இந்தக் கணக்கு கிடையாது, அது ஊர்ச்சொத்து. ஆனா ஆள் நடக்காத புறம்போக்கு எத்தனை நாளைக்குப் புறம்போக்கா இருக்கும்னு கிராமத்துல இருக்கிறவங்களுக்குத் தெரியும். வரைபடத்துல கோடு இருக்கும், நிலத்துல சுவர் இருக்கும். கேட்டா "இங்கே யாரு நடந்தா?"ன்னு கேப்பாங்க. அந்தக் கேள்விக்கு ஒரே பதில், நடந்து காட்டுறதுதான்.

நடக்கிற பழக்கம் எங்க பக்கம் இன்னும் சாகலை. தைப்பூசத்துக்குக் காங்கேயம், தாராபுரம் வழியாப் பழனிக்கு நடந்து போற கூட்டத்தைப் பார்த்திருப்பீங்க. மாரியம்மன் நோம்பி சாட்டினா கொடுமுடிக்குப் போய்க் காவேரித் தீர்த்தம் எடுத்து, தோள்ல சுமந்து நடந்தே ஊர் வந்து சேர்றவங்க இருக்காங்க. சாமிக்கு நடக்கிற கால் இட்டேரிக்கும் நடக்கலாமில்லைங்களா?

அதனால டவுன்ல இருந்து வர்றவங்களுக்கு நான் சொல்றது இதுதான். தை, மாசியில வாங்க. மழை முடிஞ்சு வேலி பச்சையா இருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. விடிஞ்சதும் கிளம்பி வெயிலுக்கு முன்னாடி ஒரு வலசுல இருந்து இன்னொரு வலசுக்கு நடங்க. பாம்பு பூச்சி இருக்கும், நல்ல செருப்பாப் போட்டுக்குங்க. படலைத் திறந்து கொறங்காட்டுக்குள்ள போகாதீங்க, அது ஒருத்தரோட காடு. திறந்தே ஆகணும்னா கேட்டுட்டுத் திறங்க, திரும்பச் சாத்துங்க. ஒரு படல் திறந்து கிடந்தா பத்து மாடு அடுத்தவன் வெள்ளாமைக்குள்ள இருக்கும். பாட்டில், பை எதையும் போடாதீங்க. எதுக்கால வர்றவங்க "எந்தூருங்க, எங்க போறீங்க?"ன்னு கேட்பாங்க. விசாரணை இல்லைங்க, அதுதான் எங்க ஊர் வணக்கம். நின்னு பதில் சொல்லுங்க, இந்தத் தடம் எங்கே போகுது, முன்னாடி எங்கே போச்சுன்னு கேளுங்க. வயசானவங்கன்னா அந்தப் பக்கத்துச் சரித்திரம் முழுக்கச் சொல்லுவாங்க.

முடிஞ்சா உங்க சொந்த ஊருக்கும் இதைச் செய்யுங்க. கிராம வரைபடம் ஒண்ணு வாங்குங்க. அதுல வண்டிப்பாதைன்னு போட்டிருக்கிற கோட்டுல கடைசி வரைக்கும் நடந்து பாருங்க. எங்கே முள் மறிக்குது, எங்கே சுவர் மறிக்குதுன்னு குறிச்சுக்குங்க. உங்க தாத்தா நடந்த தடம் அது. ஒரு தலைமுறை நடக்காம விட்டாச்சு, அடுத்த தலைமுறையும் விட்டா அந்தக் கோடு வெறும் மையாத்தான் இருக்கும்.